கட்டிலின் கால்மாட்டில் நின்று ஊர் சொல்வது

நர்சிங் மாணவிகள் முதன்முதலாக வார்டுக்கு வரும் நாளுக்கு முன்னால் அந்த வார்டை எப்படித் தயார் செய்வீர்கள் என்று எழுதித் தரும்படி ஒரு மேடம் கேட்டிருக்கிறார். மாணவிகளுக்குக் கொடுக்கும் கையேட்டில் போடுவாராம். நான் நர்ஸ் இல்லை. ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கொல்லிமலையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் பணியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் அப்படிப்பட்ட முதல் நாள்கள் பத்தொன்பதை என் கையால் தயார் செய்திருக்கிறேன். அதில் முதலாவதை நான்தான் கெடுத்தேன். அதைச் சொன்னாலே மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

என் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பிறந்தது திருப்புலி நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். அப்பாவுக்குக் கொஞ்சம் மரவள்ளிக் காடு, கொஞ்சம் மிளகுக் கொடி. எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பதின்மூன்று வயதில் மிளகு மூட்டை ஏற்றிய லாரியில் தொற்றிக்கொண்டு மலை இறங்கியவன், திரும்பி வந்து நிலைக்க இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. லாரியில் கிளீனர், ஓட்டலில் மாவாட்டி, அப்புறம் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு போர் வண்டி. அந்த வண்டியோடு ஒடிசா, ராஜஸ்தான் என்று போகாத இடமில்லை. இரும்புக் குழாய் விழுந்து இடது கைச் சுண்டுவிரல் போயிற்று. மலேரியா இரண்டு முறை வந்தது. போர் வண்டிக்குப் போன எல்லோருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். முப்பத்தெட்டாவது வயதில் மலைக்கு வந்தபோது, ஆஸ்பத்திரியில் தற்காலிகப் பணியாளன் வேலை இருக்கிறது என்றார்கள். ஒரு மழைக்காலம் மட்டும் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று சேர்ந்தேன்.

கிளம்பாமல் போனதற்குக் காரணம் வார்டு சிஸ்டர் செல்வமேரி. நாகர்கோவில் பக்கத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் வந்த அன்றே திரும்பிப் போக மனு எழுதுவார்கள். அவர் எழுதவில்லை. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. யாரையும் "மக்கா" என்பார். டாக்டரைக்கூட ஒருமுறை அப்படிக் கூப்பிட்டுவிட்டார்.

கட்டில் போடுவதை எனக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். விரிப்பின் மூலையை முக்கோணமாக மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். தலையணை உறையின் திறந்த வாய் வாசலைப் பார்க்கக் கூடாது. கட்டில் சக்கரங்கள் எல்லாம் உள்பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும், நடக்கிறவர்களின் காலை இடறாதபடி. தரையைத் துடைப்பதானால் உள்சுவரில் தொடங்கி வாசலில் முடிக்க வேண்டும். இதெல்லாம் எந்த ஆஸ்பத்திரியிலும் உண்டு. சிஸ்டருக்கென்று ஒன்று இருந்தது. காலிக் கட்டிலைப் போட்டு முடித்துவிட்டேன் என்று சொன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறிப் படுத்துவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணுவார்.

"முதுகுக்குக் கீழ ஒரு மடிப்பு கிடக்கு மக்கா. எனக்கு உறுத்துதே, ஒரு மாசம் கிடக்கப் போறவனுக்கு உறுத்தாதா?"

அப்படியே விரிப்பை உருவி என் கையில் கொடுத்துவிடுவார். வேறு விரிப்பு எடுத்து மறுபடி போட வேண்டும். முதல் வாரத்தில் ஒரே கட்டிலை நான்கு தடவை போட்டேன். போர் வண்டியில் நானூறு அடி இறக்கியபோதும் இப்படி வேர்த்ததில்லை.

நான் சேர்ந்த மூன்றாம் வருஷம், கீழ்நாட்டு நர்சிங் பள்ளி ஒன்றிலிருந்து மாணவிகளை அனுப்புவதாகச் சொன்னார்கள். அதற்காக சிஸ்டர் இரண்டு வருஷம் கடிதம் எழுதியிருந்தார். முப்பது கட்டிலுக்குப் பகலில் இரண்டு நர்ஸ், சில நாள் ஒருவர். ஒரு டிரெசிங் முடிவதற்குள் நான்கு பேர் கூப்பிடுவார்கள். இருபது பெண்கள் வந்தால் கட்டில் போடுவது, காய்ச்சல் பார்ப்பது, நாடி பார்ப்பதையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்; புண் கழுவ அவருக்கு நேரம் கிடைக்கும். ஒரு நிபந்தனை இருந்தது. முதல் நாள் சரிப்பட்டால்தான் தொடர்ந்து அனுப்புவார்கள்.

அந்தச் சமயம் வார்டில் ஒன்பதாம் கட்டிலில் சடையன் இருந்தார். என் ஊர்க்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர், நான் அண்ணா என்பேன். மிளகுக் கொடி ஏறிய மரத்தில் கிளை கழிக்கும்போது அரிவாள் நழுவிப் பாதத்தில் விழுந்திருக்கிறது. பச்சிலை வைத்துக் கட்டி இருபது நாள் வீட்டிலேயே இருந்துவிட்டார். சர்க்கரை இருப்பது அவருக்கே தெரியாது. கொண்டுவந்தபோது பாதத்தின் மேல்பக்கம் உள்ளங்கை அளவு குழி. தினமும் கழுவினால் கால் தப்பும், இரண்டு நாள் தவறினாலும் கீழே அனுப்பி முழங்காலுக்குக் கீழ் எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த டிரெசிங்கை சிஸ்டர் வேறு யாரிடமும் விடுவதில்லை. தினம் முக்கால் மணி நேரம்.

திங்கட்கிழமை மாணவிகள் வருவதாக இருந்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வார்டைக் கழுவினோம். கொசுவலைகளைத் துவைத்தேன். கட்டில் கால்களின் துருவைச் சுரண்டி வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். காய்ச்சல் பார்க்கும் கருவிகளை எண்ணி, பஞ்சு விரித்த தட்டில் அடுக்கினோம். டிரெசிங் துணிகளை மடித்து டிரம்மில் அடைத்து நீராவியில் வேகவைத்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் கை வைத்தேன். மலை ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அடியில் ஒரு குடும்பமே இருக்கும். பாய், துணி மூட்டை, சோற்றுக்கும் தண்ணீருக்குமான போசிப் பாத்திரம், ஒரு சீப்பு பழம், துணைக்கு வந்த மனைவி. எல்லாவற்றையும் வாரி ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினேன். ஆள்களை வராந்தாவுக்கு அனுப்பினேன். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொன்னேன்.

"திங்கக்கெழம இருவது புள்ளைங்க வருதுங்க. உங்க மேலதான் கை பழகப் போகுதுங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை வார்டுக்குள் வந்தால் கட்டில்கள் அப்பழுக்கில்லாமல் இருந்தன. ஆறு கட்டிலில் ஆள் இல்லை. ஒன்பதாம் கட்டிலும் காலி. சடையண்ணனை அவர் மகன் விடியற்காலையில் முதுகில் தூக்கிக்கொண்டு போய்விட்டதாக வராந்தாவில் சொன்னார்கள். ஸ்டோர் ரூம் பூட்டை யாரோ கல்லால் உடைத்திருந்தார்கள்.

சிஸ்டர் ஒன்பதாம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நான் சொன்ன வேடிக்கையை என் வாயாலேயே சொல்லிவிட்டேன். சிஸ்டர் சொன்னார்:

"பிள்ளைங்க நாளைக்கு வந்து காலிக் கட்டில்ல நாடி பாக்கட்டும். அது போனாப் போகுது. சடையன் கால் போகப்பிடாது மக்கா. இன்னைக்குள்ள நான் அதைக் கழுவணும். நீ போ."

திட்டியிருந்தால் அன்றே பையைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டில் பஸ் ஏறியிருப்பேன். அவர் திட்டவில்லை. போனேன்.

குறுக்குப் பாதையில் இரண்டு மணி நேர நடை. வீட்டுக் கதவு திறந்திருந்தது. வந்த வேகத்தில் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டேன். சடையண்ணன் சுவரில் சாய்ந்து, காலைச் சாமை மூட்டைமேல் நீட்டியிருந்தார்.

"ஆர்ரா அது, மாடு நுழையற மாதர நுழையறது?"

"நாந்தானுங்கண்ணா, ஆஸ்பத்திரி பழனி. காலு..."

"வெளிய போ."

"அண்ணா, சிஸ்டரம்மாதான்..."

"வெளிய போடான்னா. வாசல்ல நின்னு கூப்புடு. ஊரெல்லாஞ் சுத்துனவனுக்கு ஊடு எது, ரோடு எதுன்னு தெரியாமப் போச்சா?"

அவர் மனைவி பாப்பம்மா அடுப்படியில் இருந்து சிரித்தார். "போயி மொறையா வா சாமி. எம் போசியத் தூக்கி எறிஞ்ச மகராசன்தான நீ."

வெளியே வந்து முற்றத்தில் நின்றேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போனால் முற்றத்தில் நின்று ஊரையும் பேரையும் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் "வா சாமி" என்ற பிறகுதான் படி ஏற வேண்டும். ஏறியதும் தண்ணீர் கொடுப்பார்கள். குடிக்காமல் பேச்சை எடுக்கக் கூடாது. சின்ன வயதில் இதெல்லாம் எனக்கு மூச்சு விடுவது மாதிரி. இருபத்தைந்து வருஷம் ஷெட்டிலும் லாரியிலும் படுத்து எழுந்ததில் சுத்தமாக மறந்திருந்தது.

"ஏனுங்க, ஊட்ல ஆருங்க?" என்றேன்.

"நீ ஆரு?"

"இதே ஊருங்க. இப்ப ஆஸ்பத்திரிக் குடியிருப்புல இருக்கறனுங்க. பழனிங்க."

உள்ளிருந்து பதில் வர நேரமாயிற்று. வேண்டுமென்றே நிற்க வைத்தார். வெயில் உச்சியில் இறங்கியது.

"வா சாமி."

பாப்பம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகுதான் சடையண்ணன் பேசினார்.

"கை பழக நான் என்னடா மம்பட்டியா?"

"வெளையாட்டுக்குச் சொன்னதுங்கண்ணா."

"உன் வெளையாட்டுக்கு எங்காலுதான் கெடச்சுதா? அந்தக் கட்டிலு இப்ப எனக்கு ஊடு. அடியில எம் பொண்டாட்டி, தலமாட்டுல எந்துண்டு. வாரவனெல்லாம் போர்வையத் தூக்கறான், கையப் புடிக்கறான், ஊசி குத்தறான். ஒருத்தனாச்சும் நான் இன்னாருன்னு சொன்னானா? அந்தச் சிஸ்டரம்மா ஒண்ணுதான் பேசும். அதுக்காவத்தான் இத்தன நாளு இருந்தேன்."

"காலு போயிருமுங்கண்ணா."

"தெரியும்."

அவர் கண்ணில் பயம் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கட்டுத் துணியில் சீழ் மஞ்சளாக ஊறியிருந்தது. அதன் நாற்றத்தை மறைக்க பாப்பம்மா அடுப்பில் வேப்பிலையைப் போட்டிருந்தார்.

"வாரேன்," என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு. எந்தப் புள்ளையா இருந்தாலும் கட்டலு கால்மாட்டுல நின்னு ஊரும் பேரும் சொல்லோணும். நான் வான்னு சொல்லோணும். அப்புறந்தான் கிட்ட வரோணும். உங்க சிஸ்டரம்மா சரின்னா எனக்கும் சரி."

மகனும் நானும் அவரை நாற்காலியில் வைத்துத் தார் ரோடு வரை தூக்கினோம். சோளக்காட்டுச் சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றிப் போன மினி லாரி ஒன்று நின்றது. பழங்களுக்கு நடுவில் சாக்கு விரித்து உட்கார்ந்துகொண்டு, சடையண்ணன் வழியில் கண்ட ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்: "ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போறேன்! ஆளனுப்பிக் கூட்டிட்டுப் போறாங்க!" ஓடிப்போனவர்களில் மூன்று பேர் அன்று சாயங்காலமே திரும்பி வந்தது அந்தச் சத்தத்தால்தான்.

சிஸ்டர் முதலில் கட்டைப் பிரித்தார். இரண்டாவது விரல் கறுத்திருந்தது. உடனே கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே சடையண்ணனின் நிபந்தனையைக் கேட்டார். முடித்துக் கை கழுவிய பிறகு என்னிடம் சொன்னார்:

"எல்லாக் கட்டில்லயும் படுத்துப் பாத்தேன் மக்கா. மடிப்பு உறுத்துதான்னு பாத்தேன். எவளோ ஒருத்தி வந்து போர்வையைத் தூக்குனா எப்படி இருக்கும்னு பாக்கல பாத்தியா."

அன்று சாயங்காலம் இரண்டு பேருமாகக் கட்டிலுக்கு அடியில் எல்லாச் சாமானையும் திரும்ப வைத்தோம். பாப்பம்மாவின் போசியை சிஸ்டரே துடைத்து வைத்தார்.

திங்கள் காலை பஸ் வந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த இருபது பெண்களில் பாதிப்பேர் வெளுத்துப்போய் இறங்கினார்கள். அவர்களோடு வந்த டியூட்டர் மேடம் வராந்தாவில் வரிசையாக நிறுத்திச் சோதித்தார். நகம் வெட்டியிருக்கிறதா, கொண்டை வலைக்குள் முடி அடங்கியிருக்கிறதா, கடிகாரத்தில் நொடிமுள் ஓடுகிறதா, பையில் சிறு கத்தரியும் பேனாவும் இருக்கிறதா என்று பார்த்தார். வளையலும் மோதிரமும் கழன்றன. கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு நடக்கும்போது சரசரத்தது. சிஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் மேடத்தின் முகம் மாறியது.

"எங்க செய்முறைப் புத்தகத்துல இது இல்லையே சிஸ்டர். இருபது பேரும் நின்னு ஊர் சொல்லிட்டிருந்தா எப்ப முடியும்?"

"உங்க புத்தகத்துல இல்ல. என் வார்டுல இருக்கு," என்றார் சிஸ்டர். குரல் உயரவில்லை.

ஒன்பதாம் கட்டிலுக்கு ஒதுக்கப்பட்ட பெண்ணின் பெயர் மேகலா. ஒல்லியான பெண். கால்மாட்டில் வந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கமுங்க ஐயா. என் பேரு மேகலாங்க. ஊரு தம்மம்பட்டிங்க. உங்க நாடி பாக்க வந்திருக்கேன். பாக்கலாங்களா?"

சடையண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆரு மவ?"

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று அடைத்துக்கொண்டது. நான் ஊர் ஊராகச் சுற்றியவன். சாதி வரை போகும் அந்தக் கேள்விக்கு முன்னால் அப்படி அடைத்துக்கொண்ட முகங்களை நிறைய இடத்தில் பார்த்திருக்கிறேன். சிஸ்டரும் பார்த்திருப்பார் போல.

"பேரும் ஊரும் போதும் சடையா. உனக்கும் எனக்கும் அதுதான் பேச்சு. அதுக்கு மேல என் வார்டுல யாரும் யாரையும் கேக்கப்பிடாது."

வார்டில் இருந்த எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்தார்கள். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். சடையண்ணன் போர்வையைத் தலைவரை இழுத்துப் படுத்துவிட்டால் அன்றோடு எல்லாம் முடிந்தது. அவர் தாடையைச் சொறிந்தார். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து சொன்னார்:

"ஏ பாப்பா, புள்ளைக்குத் தண்ணி குடு."

பாப்பம்மா தன் போசியிலிருந்து சாய்த்துக் கொடுத்தார். வார்டில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு அன்று காலைதான் பஸ்ஸில் படித்துப் படித்துச் சொல்லியிருப்பார்கள். அவள் மேடத்தைப் பார்த்தாள். மேடம் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே மேய்ந்த ஆட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகலா இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, முழுதாகக் குடித்தாள்.

"வா சாமி," என்றார் சடையண்ணன். கையை நீட்டினார்.

அவள் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, நொடிமுள்ளைப் பார்த்து, உதடு அசைய எண்ணினாள். அன்று அந்த வார்டில் பார்த்த முதல் நாடி அதுதான்.

பிறகு டிரெசிங். மேகலா தட்டைப் பிடித்தாள். சிஸ்டர் பழைய துணியை உப்புநீர் ஊற்றி ஊறவிட்டார். இழுத்தால் புதுச்சதையும் சேர்ந்து வரும். அது தானாக நெகிழும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு மூலையிலிருந்து சுருட்டி எடுத்தார். நாற்றம் கட்டில் கட்டிலாகப் பரவியது. குழியின் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகக் கழுவினார். ஒருமுறை தொட்ட பஞ்சை மறுமுறை தொடவில்லை. செத்த சதையைக் கத்தரியால் சிறிது சிறிதாக நறுக்கி, சிவப்பு தெரியும் இடத்தில் நிறுத்தினார். ஈரத்துணியை அழுத்தாமல் குழியில் நிரப்பினார். கட்டைக் கால்விரலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றினார். மேகலா விழுந்துவிடுவாள் என்று பின்னால் நான் ஸ்டூலோடு நின்றேன். தட்டு ஆடவில்லை. முகத்தையும் திருப்பவில்லை.

சடையண்ணனுக்கு இரண்டு விரல் போயிற்று. கால் தப்பியது. நாற்பது நாள் கழித்துக் கோலூன்றி அவரே நடந்து பஸ் ஏறினார். நர்சிங் பள்ளியும் அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று மாணவிகளை அனுப்பிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு முதல் நாளுக்கு முந்தின சாயங்கால வேலை என்னுடையதாயிற்று. கட்டில் கட்டிலாகப் போவேன். நாளைக்குச் சில புள்ளைகள் வருவார்கள், ஊரும் பேரும் சொல்வார்கள், இஷ்டமிருந்தால் வா என்று சொல்லுங்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்வேன். இல்லை என்றவர்களும் உண்டு. அவர்கள் கட்டிலுக்கு யாரையும் அனுப்ப மாட்டோம். பயந்த பெண்ணுக்கு வாய் ஓயாத நோயாளி, படபடப்பானவளுக்கு நிதானமானவர் என்று ஜோடி சேர்ப்பதையும் சிஸ்டர் என்னைக் கேட்டுத்தான் செய்வார். தண்ணீர் கொடுப்பது மட்டும் அடுத்த வருஷமே நின்றது, அது சரியும்தான். கட்டிலுக்கு அடியில் இருக்கும் சாமானை நான் அப்புறம் தொட்டதில்லை. ஒரு மழைக்காலத்துக்கு என்று வந்தவன் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டேன். சிஸ்டர் செல்வமேரி ஓய்வு பெற்று ஊருக்குப் போனபோது, அவர் கடைசியாகப் படுத்துப் பார்த்த கட்டிலில் மடிப்பு எதுவும் இல்லை என்று சொன்னார். என் வேலைக்குக் கிடைத்த சான்றிதழ் அது ஒன்றுதான். போதும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பலாப்பழம் இறக்க மரத்தில் ஏறி விழுந்தேன். இந்த வயதில் ஏன் ஏறினாய் என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். முழங்கை உடைந்து, என் வார்டிலேயே ஐந்தாம் கட்டிலில் படுத்தேன். கட்டில் புதிது. விரிப்பில் முதுகுக்குக் கீழே ஒரு மடிப்பு இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வராந்தாவில் கஞ்சி போட்ட உடுப்பின் சரசரப்புக் கேட்டது. மாணவிகளின் முதல் நாள். இப்போது அவர்கள் ஆறு மாதம் பொம்மையில் நாடி பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். முந்தின சாயங்காலம் என்னிடம் வந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பெண் வந்தாள். பக்கத்தில் வரவில்லை. கால்மாட்டில் நின்று கம்பியைப் பிடித்தாள்.

"வணக்கமுங்க ஐயா. என் பேரு யாழினிங்க. ஊரு ராசிபுரமுங்க. நாடி பாக்க வந்திருக்கேன்."

ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, பதிலுக்கு நிற்காமல் விறுவிறுவென்று வந்து என் நல்ல கையைப் பிடிக்கப் போனாள். நான் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அவள் திகைத்தாள். பிறகு புரிந்துவிட்டது. இரண்டடி பின்னால் போய்ப் பழைய இடத்தில் நின்றாள். "பாக்கலாங்களா?" என்றாள்.

வாசலில் அவர்களுடைய டியூட்டர் நின்றிருந்தார். ஒல்லியான ஆள், முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று போசித் தண்ணீரைக் குடித்த தம்மம்பட்டிக்காரர். இதை எழுதித் தரச் சொன்ன மேடமும் அவர்தான்.

சடையண்ணன் என்னை வெயிலில் நிறுத்தியது மாதிரியே நானும் அந்தப் பெண்ணைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தேன். பிறகு போர்வையிலிருந்து கையை எடுத்து நீட்டினேன்.

"வா சாமி."